தில்பசந்த்

காந்தா மேடத்தின் கார் கேட்டைத் தாண்டியதும் மீட்டிங் ரூமில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஹெலன் மட்டும் எழுந்து போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். தில்பசந்த். பெங்களூர் பேக்கரிப் பண்டம்; உள்ளே தேங்காய்ப் பூரணம், தட்டு அகலத்துக்கு வட்டம்.

அது அந்த டீமின் சட்டம். ஆப் எப்போது மண்ணைக் கவ்வினாலும், கவிழ்த்தவர் தில்பசந்த் வாங்க வேண்டும். ஒரு துண்டு வாயில் போட்டவர் அதன்பிறகு அந்த விவகாரத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. வாங்குவது கீழே தெருமுனை பேக்கரியில். இவர்களில் யார் தலை தெரிந்தாலும் கடைக்காரர் தில்பசந்த் வெட்டக் கத்தியைக் கையில் எடுத்துவிடுவார். அவ்வளவு தரம் கவிழ்ந்திருக்கிறார்கள்.

இன்று விழுந்தது தினேஷ் எழுதிய புரோகிராம் கோடு. வாங்கியிருப்பது ஹெலன். தன் மேல் விழ வேண்டிய பழியை அவள் ஏற்றுக்கொள்கிறாள் என்று நினைத்தபோது தினேஷுக்கு வெட்கமாக இருந்தது.

இரவு ஷிஃப்ட் முடிந்து கேப் வண்டியில் வீடு திரும்பும் பெண்களுக்கான ஆப் அது. ஆபத்தென்றால் சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போகும், 'உதவி வருகிறது' என்று திரை பச்சையாகும்.

ஒரே ஒரு கோளாறு. நெட்வொர்க் இல்லாமல் செய்தி போகாவிட்டாலும் பச்சையாகும்.

டெஸ்ட் செய்த ஹெலன்தான் அதைக் கண்டுபிடித்தாள். அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர் சந்திரன். தினேஷும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு, அவள் கணினியில் பதிந்த புகாரை 'முடிந்தது' என்று மூடினான். அவள் மறுபடி திறந்தாள். அவன் மறுபடி மூடினான். தங்கவயல்காரிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று டீமே சிரித்தது.

"அந்தப் பச்சையை நம்பி பொண்ணு சும்மா உக்காந்திருப்பா சார். கதவத் தொறந்து குதிக்கக்கூட மாட்டா," என்று நேற்றும் சண்டை போட்டாள். சந்திரன் கதவைக் காட்டினார். திங்கட்கிழமை ஆப் வெளியாகியே தீர வேண்டும் அவருக்கு.

இன்று, ஆப்பை வாங்க வந்த காந்தா மேடமே பட்டனை அழுத்தினார். அந்த அறைக்குள் சிம் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது, வைஃபைதான் கதி. அதுவும் சரியாக அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது.

போன் பச்சையானது. சுவரிலிருந்த கண்ட்ரோல் ரூம் திரையில் ஒன்றும் வரவில்லை.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இதைச் சரிசெய்யாமல் ஒரு பெண்ணின் போனிலும் இது ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தினேஷ் பெட்டியைத் திறக்கப் போனான். மூடிமேல் ஒட்டியிருந்த சீட்டில் கண் நின்றது.

ஹெலனைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவன் சீட்டைப் பிய்த்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

காரை வழியனுப்பிவிட்டு வந்த சந்திரனின் கையில் வைஃபை ரவுட்டரின் வயர் தொங்கியது. "இது தானா கழண்டு விழல. எவனோ புடுங்கியிருக்கான்." அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார். "இதை யாருப்பா வாங்கினது?"

"நான்தான் சார். என் கோடுதானே விழுந்துச்சு? அதைச் சரிபண்ணாம இனி எதுவும் வெளிய போகாது. எடுத்துக்கங்க."

தினேஷ் பெரிய துண்டாக வெட்டி அவர் கையில் வைத்தான். கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவர் கடித்துவிட்டார். போயிற்று. இனி வயரைப் பற்றி அவர் மூச்சுவிட முடியாது.

தினேஷ் லேப்டாப்பைத் திறந்து, ஹெலனின் புகாரைத் தன் பெயரிலேயே மறுபடி திறந்தான். அதன்பிறகுதான் தன் துண்டை எடுத்துக்கொண்டான்.

சட்டைப்பைக்குள் கசங்கிக் கிடந்த சீட்டில் தெருமுனை பேக்கரியின் பெயர் இல்லை. ஹெலன் குடியிருக்கும் அல்சூரில், அவள் தெருவிலேயே இருக்கும் பேக்கரியின் பெயர் இருந்தது. அங்கே போய்விட்டு ஆபீஸ் இருக்கும் வைட்ஃபீல்டுக்குத் திரும்ப அரை நாள் போய்விடும். காந்தா மேடம் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தில்பசந்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவள் காலையில் மெட்ரோ ஏறியிருக்கிறாள்.