அக்லாயா பேரில் ஒரு சாப்பாடு

"முதல்ல மெழுகுவத்தியப் பிடிங்க. அப்புறம் தட்டு. அப்புறம் வாயத் திறந்து, 'அக்லாயாவுக்குப் போய்ச் சேரட்டும்'னு சொல்லணும். சொல்லாம சாப்பிட்டா செரிக்காது, ஆமா" என்றாள் துடோரிட்சா.

டேன்யூப் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால் ஏழைகளுக்குச் சோறு போடும் சமையல்கூடம் அவளுடைய ராஜ்ஜியம். வருகிறவர்களிடம் பேர், ஊர் கேட்கக் கூடாது என்பது பாதிரியார் போட்ட சட்டம். ஆனால் ஓர் ஆத்மாவின் பேரில் அன்னம் போட்டால், சாப்பிடுகிறவர்கள் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் அந்தச் சோறு மறு உலகத்தில் அந்த ஆத்மாவின் தட்டில் விழும். ஒரு வாய் மூடிக்கிடந்தாலும் அங்கே ஒரு வேளைப் பட்டினி. துடோரிட்சா இதைச் சத்தியமாக நம்பினாள்.

தினமும் பீன்ஸ் சூப்தான். இன்றைக்கு அக்லாயா பேரில் கோழி சூப், முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறி, சர்க்கரை போட்ட கோதுமை. பாதிரியார் காலையில் பேரை மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். லாரி ஓட்டியே முதுகு போன கெலு, மறுபடி மறுபடி தட்டை நீட்டினான். "மகராசி, நல்லா வாழ்ந்தவளா இருப்பா" என்று சொல்லி, சொல்ல வேண்டியதையும் ஒவ்வொரு தடவையும் கூரை அதிரச் சொன்னான்.

ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. பனி விழ ஆரம்பித்ததிலிருந்து தினமும் வருகிற, கறுப்பு முக்காடு போட்ட வயதானவள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி, மற்றவர்களின் வாயையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடோரிட்சா முதலில் நயமாகத்தான் கேட்டாள். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏன் பெரியம்மா, முன்னே பின்னே தெரியாத ஒரு புண்ணியவதி உங்களுக்குக் கோழி போட்டிருக்கா. ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"எல்லாரும் சொல்றாங்களேம்மா. அது போதும்."

கெலு சும்மா இருப்பானா? நாளைக்கு இவளுடைய காரியத்திலும் ஒருத்தன் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு மொக்கப் போகிறான் என்றான். அதற்கு அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லோருக்கும் ஆத்திரத்தைக் கிளப்பியது. நன்றி கெட்ட ஜென்மம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

துடோரிட்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போன வருஷம் தன் அம்மாவுக்கு அன்னம் போட்டபோதும் இப்படி ஒருத்தி ஊமையாக உட்கார்ந்து தின்றிருப்பாளோ? அம்மா அங்கே பசியோடு இருப்பாளோ? வேகமாகப் போய் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுச் சாப்பிடுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து இந்தப் படி ஏறாதீங்க."

இந்தக் குளிரில் அந்த அம்மாளுக்கு இதைவிட்டால் வேறு அடுப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கெலுகூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கோபப்படவில்லை. மெழுகுவத்தியை மேஜையில் ஊன்றிவிட்டு, துடோரிட்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இவ்வளவு கண்டிப்பா இருக்கிறது எனக்குச் சந்தோஷம்தான் கண்ணு. எனக்குப் புள்ளை குட்டி கிடையாது, போனப்புறம் யாரு போடுவா? அதான், கல்யாணச் சீரா வந்த கம்பளத்தை வித்து, உயிரோட இருக்கும்போதே போட்டுட்டேன். என் பேரை நானே எப்படிம்மா சொல்லிக்கிறது?"