சத்தம் வராத ஹூக்

"சத்தம் வரலை புள்ள. இன்னொண்ணு போடு."

பானுப்பிரியா இடது கையைச் சுழற்றினாள். உக்கிரபாண்டியின் வலது கையில் மாட்டியிருந்த, குத்து வாங்கும் தோல் பேடில் அது பூனை கால் வைத்த மாதிரி வந்து பட்டது.

"இதுக்குப் பேரு ஹூக்கா? கொசு வந்து ஒக்காந்துட்டுப் போகுது."

ராமநாதபுரம் விளையாட்டு அரங்கின் பின்பக்கம், தகரக் கூரை நிழலில் கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். நாலு மணிக்குக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. ஜெயிப்பவள் மாநில அணிக்குப் போவாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும் வயது பானுவுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது.

எதிரே நிற்கப்போகிறவள் பாம்பன் கவிப்ரியா. காலையில் அவள் ஆடியதை உக்கிரபாண்டி முழுதாகப் பார்த்திருந்தான். இடது கையால் நேர்க்குத்து விடும்போதெல்லாம் அவளுடைய வலது கை தாடையை விட்டு இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஓர் இடது ஹூக் விழுந்தால் போதும், ஆட்டம் முடிந்தது.

அந்த ஹூக்தான் ஆறு மாதமாக பானுவுக்கு வரவில்லை.

"காலையிலயும் பாத்தேன். மூணு தடவ கை கெளம்புச்சு. மூணு தடவையும் பாதியில நின்னுருச்சு. ஏதோ ஒரு புள்ளியில தப்பிச்ச. கவிப்ரியாகிட்ட அந்தக் கதை நடக்காது."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்? முழங்கை தோள் மட்டத்துக்கு வரணும். முன்னங்கால் குதி திரும்பணும். இடுப்பு திரும்புனா கை அது பாட்டுக்குப் போகும்."

"எல்லாம் சரியாத்தான் பண்றேன். கடைசியில, எதுக்க பேடு வராதோன்னு ஒரு நெனப்பு வந்துருது. கை தானா நின்னுருது."

"பேடு வராதா?" அவனுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் ரிங்கில் நின்றவன். முகத்தில் அவன் வாங்காத குத்து இல்லை. மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி வேலையை முடித்துவிட்டு வந்து ஒரு நாள் தவறாமல் அவளுக்குப் பேடு பிடிக்கிறவன். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்."

படியில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்த கீழக்கரை சூஃபியா சிரித்துவிட்டாள். பானுவைவிட எடை குறைந்த பிரிவு. காலையிலேயே தோற்றுவிட்டு, அக்காவின் ஆட்டத்தைப் பார்க்கத் தங்கியிருந்தாள்.

"அக்காவ வையாதீயண்ணே. பேடை இங்கன குடுங்க, நான் பிடிக்கிறேன்."

"அவ குத்து ஒனக்குத் தாங்காது தாயி."

"நீங்கதான கொசுன்னு சொன்னீய?"

உக்கிரபாண்டி பேடுகளைக் கழற்றி அவளிடம் எறிந்தான்.

பானு ஓர் அடி முன்னால் வந்தாள். ஒரு நேர்க்குத்து. அடுத்து இடுப்பு திரும்பியது. ஐஸ் பாளத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தது போல ஒரு சத்தம். சூஃபியா இரண்டடி தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"யா அல்லாஹ்! தோளே கழண்டு போச்சுக்கா!"

"இன்னொண்ணு," என்றான் உக்கிரபாண்டி.

அதே சத்தம்.

அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

"அப்ப எங்கிட்ட மட்டுந்தான் நடிப்பு?"

"நடிப்பா? என்ன மாமா சொல்றீக?"

"ஆடப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்ல. எங்காத்தா பிள்ளை பிள்ளைன்னு அரிக்கிது. தோத்துட்டு வீட்டுல ஒக்காந்தா அந்தத் தொல்லை விட்டுதுன்னு நெனச்சிருக்க. அதுக்குத்தான் ரிங்லயும் கையை அடக்குற. ஆறு மாசமா என்னையக் கேணப்பயலாக்கிட்ட."

பானு சூஃபியாவின் கையிலிருந்த பேடைப் பார்த்தாள். தன் கையுறையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ கணக்குப் போடுகிறவளைப் போல அங்கேயே நின்றது அவள் பார்வை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"மாமா, கையக் கீழ போட்டுட்டு என் கண்ணைப் பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது."

"எதுக்கு?"

"பாருங்கன்னா."

பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. குற்றம் செய்தவள் அழத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

"இப்ப ஹூக் போடப் போறேன்."

"போடு. எம் மூஞ்சியிலயே போடு. அந்த ரோசமாவது வருதான்னு பாப்போம்."

அவளுடைய இடது தோள் அசைந்ததைப் பார்த்தான். அவ்வளவுதான். காத்திருந்தான். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் யாரோ பெயர் வாசித்தார்கள். பானு அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, செலையாட்டம் நிக்கிற? இதுவும் பாதியில நின்னுருச்சாக்கும்?"

சூஃபியாவின் கையிலிருந்து பேடு நழுவி விழுந்தது.

"அண்ணே..." அவள் ஓரடி கிட்டே வந்தாள். "அக்கா போட்டாச்சு அண்ணே. கை ஒங்க வலது காதுகிட்டதான் நிக்குது. ஒங்களுக்குத் தெரியலையா?"

"வெளாடாத தாயி," என்று சொல்லிக்கொண்டே உக்கிரபாண்டி வலப்பக்கம் கழுத்தைத் திருப்பினான். மூக்கு சிவப்புக் கையுறையில் போய் இடித்தது.