கெட்டிக்காரி

"கம்சாயினி கல்லடிப் பாலத்தைப் படமா ஒரு கம்பி பிசகாமக் கீறியிருக்கா. ஆனா 'கெட்டிக்காரி' எண்டு சொன்னா, மூக்கைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழ போயிடுறா. இப்பவும் பாருங்க," என்றார் டீச்சர்.

தாய் சர்மிலா பெருமூச்சு விட்டாள். "ஓட்டிசம் தானே டீச்சர். புகழ்ந்தா புள்ளைக்கு விளங்காது. எனக்குத்தான் பயம்."

"என்ன பயம்?"

"நாவூறு பட்டிரும் எண்டு. ஆரும் வீட்டுக்கு வந்து கெட்டிக்காரி எண்டுட்டுப் போனா, புள்ளைய இருத்தி, செத்தல் மிளகாயைத் தலையைச் சுத்தி நெருப்பில போடுவன். புகையில வீடே இருமும்."

"எப்ப இருந்து?"

"பிறந்ததில இருந்து..."

சர்மிலா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.

அந்த வகுப்பில் நெருப்பு இல்லை. இருந்தும் மேசைக்குக் கீழே மகள், மூக்கைப் பொத்தியபடி, புகை அடங்கக் காத்திருந்தாள்.