நோயில்லாத வாத்து

"மறுபடியும் ரெண்டு கோடா?" ஆய்வகத் தலைவர் பியோன் எரிந்து விழுந்தார்.

பறவைக் காய்ச்சல் வைரஸின் புரதம் இருந்தால்தான் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழ வேண்டும். அந்தப் புரதத்தைப் பிடிக்க ஆய்வாளர் ஓக்ஜூ தயாரித்த ஆன்டிபாடியோ, நோயில்லாத வாத்தின் சளியிலும் கோடு போட்டது.

"ஆறு மாச வேலை! ஆன்டிபாடி எடுக்கறதுக்காகச் செத்த முயலுங்களுக்கு ஆய்வகத்துல படையல் போட்டதுதான் மிச்சம்."

"ஆன்டிபாடி மேல தப்பில்லை சார். வேற முறையிலயும் பாத்துட்டேன். அந்த வாத்துக்கு நிஜமாவே காய்ச்சல்."

பியோன் தொலைபேசியை எடுத்தார். "அப்போ அந்தப் பண்ணை வாத்து மொத்தத்தையும் இன்னிக்கே கொன்னு புதைச்சாகணும். நோயில்லாத வாத்துன்னு நாஜூ ஊர்ல எந்தப் பண்ணையிலேருந்து கொண்டாந்தே?"

ஓக்ஜூ வாய் திறக்குமுன் அவள் கைபேசி ஒலித்தது.

"அப்பா பேசறேம்மா. உன் சோதனைக்கு இன்னும் வாத்து வேணுமா? நம்ம பண்ணையில எட்டாயிரம் நிக்குது. ஒவ்வொண்ணும் குண்டுக்கல்லாட்டம் இருக்கு!"