கல்லுக்குப் பின்னால்

"கல்லை மட்டும் அசைக்க வேண்டாம். வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. அவர் வீட்டுக் கூடத்திலிருந்த கடல்நீர் மீன்தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பவளமும் மீனும் வளர்க்கிறவர்கள் மத்தியில் அவளுக்குத் தொட்டி டாக்டர் என்று பேர்.

இந்தத் தொட்டியின் நோவை அவள் வந்த ஐந்தாவது நிமிடமே கண்டுபிடித்துவிட்டாள். மீன் தீனியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவினாள். முன்பக்கம் விழுந்த தூள், பம்பு தள்ளிய தள்ளலில் ஓடியது. கல் குவியலுக்குப் பின்னால் போனது அப்படியே நின்று, மெல்ல இறங்கி, மணலில் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார்? இங்க தண்ணி ஓடல, தூங்குது. அழுக்கெல்லாம் அங்கதான் சேருது. அதான் பவளம் விரியாம சுருங்கிக் கிடக்கு. கல்லைப் பிரிச்சு நடுவுல வழி விட்டு அடுக்கிட்டா போதும். அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவருடைய இருபத்திரண்டு வருட மானம் கப்பலேறிவிடும்.

தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'மோதிரத்தோடு தண்ணீரில் கை வைக்கக் கூடாது.' கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கும் பலகையின் முதல் வரி எழுத்து அளவுக்குப் பெரிதாக அவரே எழுதியது. ஈர விரலில் மோதிரம் நிற்காது என்பது அவர் கட்சி. மீனுக்குத் தீனி போட மனைவி தொட்டிப் பக்கம் போனாலே இதைப் பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர்தான், நாலு மாதத்துக்கு முன்னால் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டும் அவசரத்தில் கையை உள்ளே விட்டார். கை திரும்பி வந்தது. கல்யாண மோதிரம் வரவில்லை.

ஒரே தங்கத்தைப் பிரித்துச் செய்த ஜோடி அது. அவருடையது அகலம், மனைவியுடையது மெல்லிசு. மறுநாளே அதே அச்சில் ஒரு முலாம் மோதிரத்தைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டார். அது இப்போது பல்லிளிக்க ஆரம்பித்துவிட்டது. விரலைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு விழுந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து நீளக் கம்பியை விட்டுத் துழாவினார். காந்தம்கூடக் கட்டி இறக்கினார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது பிறகுதான் உறைத்தது. கல்லை நகர்த்தித் தேடலாம் என்றால், மனைவி வீட்டிலிருந்தே துணி தைப்பவள். தையல் மிஷின் இருப்பது இதே கூடத்தில்.

டாக்டர் இப்போது மனைவியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். தொலைந்தது கதை என்று நினைத்துக்கொண்டார். அவர் கிழக்கு என்றால் மேற்கு என்பவள் ஆயிற்றே.

பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறையோடு சமையலறையிலிருந்து அவள் வந்தாள். கை சொரசொரப்பாகிறது என்று கொஞ்ச காலமாக அந்த உறையைக் கழற்றுவதே இல்லை.

"அவர் சொல்றதுதான் சரிம்மா. கல்லைத் தொட வேண்டாம். பவளம் பயந்துடும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் கட்சியில் சேர்ந்திருக்கிறாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து இன்னொரு பம்பை எடுத்தாள். பழைய பம்பு இடது மூலையில் இருந்தது. புதியதை வலது மூலையில் பொருத்தினாள். இரண்டையும் கல்லைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்க்கும்படி சற்றே திருப்பினாள். நேராக அடித்தால் தண்ணீர் கல்லில் மோதி நின்றுவிடுமாம், கண்ணாடியில் மோதவிட்டால் சுற்றிக்கொண்டு பின்னால் போகுமாம். முதலில் இடது, அது ஓய்ந்ததும் வலது என்று மாறி மாறி ஓடும்படி அமைத்து, இடது பம்பை ஓடவிட்டாள்.

தொட்டி விழித்துக்கொண்டது. பல மாத அழுக்கு கல்லுக்குப் பின்னாலிருந்து புகையாகக் கிளம்பியது. பவளக் கிளைகள் ஆட ஆரம்பித்தன. அவர்கூடக் கவலையை மறந்து ரசித்தார், கல்லின் ஓரத்தில் மணல் விலகி ஏதோ மஞ்சளாக மின்னும்வரை.

மறைத்து நிற்கலாம் என்று அவர் எட்டு வைப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். உறையோடு முழங்கை வரை உள்ளே விட்டு, எதையோ அள்ளிப் பொத்தி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். டாக்டர் என்ன அது என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. உடைஞ்ச சிப்பி."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியாள் முன்னால் அவர் தலை குனியக் கூடாது என்று எவ்வளவு பெருந்தன்மையாக மறைத்துவிட்டாள். இவளுக்கா இத்தனை வருடம் பாடம் எடுத்தோம்? டாக்டர் கை கழுவ உள்ளே போன சமயம் பார்த்து மனைவியின் அருகில் போனார்.

"என்னை மன்னிச்சிடு. இதை நாலு மாசத்துக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எதைங்க?" என்றாள் மனைவி. அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

இடது பம்பு ஓய்ந்து, வலது பம்பு ஓடத் தொடங்கியது. கல்லின் மறு ஓரத்திலும் மணல் விலகியது. அங்கே அவருடைய அகல மோதிரம் சமர்த்தாகக் கிடந்தது.

அவர் குழம்பிப்போய்த் திரும்பினார். மனைவி ஈர உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பல்லிளித்த மெல்லிசு மோதிரத்துக்குக் கீழே, அவள் விரலைச் சுற்றியும் பச்சையாக ஒரு கோடு.