மெத்தைக் கிடங்கின் சாட்சி

காலை பதினொன்றே காலுக்கு அவளைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

நீள மேசை. அதன் முனையில் நடுவர், ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு பக்கம் மெத்தைக் கம்பெனி முதலாளியும் அவருடைய வக்கீலும். மறுபக்கம் அந்தக் கம்பெனிக்கு மென்பொருள் செய்து கொடுத்தவனும் அவனுடைய வக்கீலும்.

அவள் கம்பெனியின் கிடங்குப் பொறுப்பாளர். அதனால் முதலாளி பக்கத்துச் சாட்சி.

ஆர்டர் வந்ததும் எந்த மெத்தை எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கணினியே சொல்லிவிடும் என்பதுதான் ஏற்பாடு. ஓடத் தொடங்கிய முதல் நாளே அது குழந்தைகள் காப்பகத்துக்கு இரட்டைக் கட்டில் மெத்தைகளையும், ஹோட்டலுக்குத் தொட்டில் மெத்தைகளையும் அனுப்பிவைத்தது. ஒரே வாரத்தில் கிடங்கு குரங்கு கைப் பூமாலை ஆனது.

முதலாளி வழக்குப் போட்டார். சோதித்துப் பார்க்காமல் தலையில் கட்டிவிட்டான் என்பது புகார். அது நிரூபணமானால் அவனுடைய மூன்று பேர் கம்பெனிக்குப் பூட்டுதான்.

அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது.

அவனுக்குப் பிறந்த பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. வழக்கு என்று ஆன பிறகு அவனோடு பேசக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஒன்றரை வருஷம் கிடங்கே கதி என்று கிடந்தவன். போன் செய்தால் போதும், "வந்துட்டேன்க்கா" என்பான். வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும். லோடு ஏற்றுகிறவர்கள் அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

"அக்கா, வந்துட்டேன் இன்னும் வரலை" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சோதனை நடக்காமல் இல்லை. நடத்தியவளே அவள்தான். திரையில் ஒவ்வொரு ஆர்டராகப் பார்த்து 'சரி' அல்லது 'தவறு' என்று அழுத்த வேண்டும்.

கடைசிச் சுற்றன்று மதியம், மாதிரி மெத்தை ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதன்மேல் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சொந்த ஊரில் மனைவிக்கு நிறைமாதம். இந்தச் சுற்று முடிந்தால்தான் முதலாளி விடுவார்.

திரையில் தொட்டில் மெத்தை ஆர்டர் ஒன்று இரட்டைக் கட்டில் வரிசைக்குப் போனது. அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

பிள்ளை பிறந்த பிறகு வந்து திருத்தட்டும், அதற்குள் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள். 'சரி'யை அழுத்தினாள். அவனை உலுக்கி எழுப்பி ஊருக்கு விரட்டினாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே சோதனையில் எல்லாம் 'சரி' என்று பார்த்து முதலாளி மென்பொருளை ஓடவிட்டிருந்தார். முதல் வண்டி போய்விட்டிருந்தது.

குடி முழுகியது.

அதன் பிறகு வாய் திறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். ஆனால் யாராவது கேட்டால் மறைப்பதில்லை என்று இன்று பஸ்ஸில் வரும்போது முடிவுசெய்திருந்தாள். அந்த ஒரு கேள்வி வந்தால் வழக்கு அவன் பக்கம் சாயும். சாயங்காலத்துக்குள் அவள் வேலை போகும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. நீங்களா எதையும் எடுத்துக் குடுத்துடாதீங்க" என்று கம்பெனி வக்கீல் வாசலிலேயே சொல்லியிருந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் அப்படியே பதில் சொல்லி முடித்தாள்.

அடுத்து அவனுடைய வக்கீல் எழுந்தார். மடிக்கணினியைத் திறந்து நடுவர் பக்கம் திருப்பப் போனார். யார், எப்போது, எதை அழுத்தினார்கள் என்ற விவரம் திரையில் இருந்தது. வரிசையாக அவள் பெயர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் கை நீட்டினான். மடிக்கணினியை மெதுவாக மூடினான்.

வக்கீல் குனிந்து அவன் காதில் சீறினார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். மறுபடியும் சீறினார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை. மூடிய கணினியின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

வக்கீல் நிமிர்ந்தார். இந்தச் சாட்சியிடம் கேள்வி எதுவும் இல்லை என்றார்.

முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார். நீங்கள் போகலாம் என்று நடுவர் கையைக் காட்டினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சரின்னு அழுத்தினது நான்தான்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் தம்பி, அவரைக் கேக்கவிட மாட்டேங்குற?"