சிங்கம் கண்ட தோட்டம்

“சார், உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. மெஷின் குழம்பிடும்” என்றாள் தொல்லியல் ஆய்வாளரான அண்ணி.

கோட்டைப் பராமரிப்புக் குழுத் தலைவர் குனிந்து தன்னைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். குதிரை ஏறியதே இல்லை என்றாலும் லாடம் அடித்த பூட்ஸ். தொப்பைக்கு முட்டுக்கொடுக்கும் பெல்ட். அதன் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புச் சிங்கம்.

“இதையெல்லாம் கழட்டிட்டா அப்புறம் நான் யாரும்மா?” என்றார். நியாயமான கேள்விதான்.

கோட்டைக்கு முன்னால் இருக்கும் புல்வெளியைக் கார் நிறுத்துமிடம் ஆக்குவது அவருடைய கனவு. அதற்குக் கீழே பழைய அரண்மனைத் தோட்டம் புதைந்து கிடக்கிறது என்பது அண்ணியின் கட்சி. செங்கல் பாதை, பாத்தி, குளம் என்று மண்ணுக்குள் எது இருந்தாலும், மேலே அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு நடந்தாலே போதும், அதிலிருக்கும் காந்தமானி காட்டிக் கொடுத்துவிடும். புல்வெளியைப் பட்டை பட்டையாகப் பிரித்து அளந்ததில் நடுப்பட்டை மட்டும்தான் பாக்கி. மாலைக் கூட்டத்தில் தோட்டத்தைக் காட்டாவிட்டால் காலையில் தார் வண்டி வந்து நிற்கும்.

அந்த நேரம் பார்த்தா நிருபர்கள் வரவேண்டும்? கேமராவைக் கண்டதும், மெஷினைத் தானே தள்ளப் போவதாகத் தலைவர் அறிவித்துவிட்டார்.

உதவிக்கு வந்து அளவுக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன் பதறிப்போனான். அந்தச் சிங்கம் பக்கத்தில் வந்தாலே அளவெல்லாம் பாழ். அண்ணி சண்டைக்குப் போவாள் என்று பார்த்தான். அவளோ மெஷினை அப்படி இப்படித் தடவிவிட்டு, “தாராளமா தள்ளுங்க சார்” என்று ஒதுங்கிக்கொண்டாள்.

பூமியையே தான்தான் நகர்த்துவது போன்ற முகத்தோடு தலைவர் நடுப்பட்டை முழுக்க நடந்தார். படம் எடுத்து முடிந்ததும் பரிவாரம் கலைந்தது.

“குடியைக் கெடுத்துட்டீங்களே அண்ணி.”

“புலம்பாத. போய் டீ வாங்கிட்டு வா. அவசரமே இல்ல, நிதானமா வா.”

மாலைக் கூட்டத்தில் திரையில் படம் விரிந்தது. இரண்டு பக்கமும் பாதைகள், வரிசையாகப் பாத்திகள், நட்டநடுவே தாமரை வடிவில் ஒரு குளம். துடைத்து வைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். கொழுந்தன் திறந்த வாயை மூடவில்லை.

“அந்தக் குளம் இருக்கே, அது நான் தள்ளின பட்டை” என்று தலைவர் எழுந்து நின்றார்.

“நீங்க தள்ளினதை ஊரே பார்த்துச்சு சார்” என்றாள் அண்ணி.

உறுப்பினர் ஒருவர் கார் நிறுத்துமிடத்தை மெல்ல நினைவூட்டினார். தலைவர் மேசையைக் குத்தினார்.

“நான் கண்டுபிடிச்ச தோட்டத்து மேல எவன் காரை நிறுத்துறான்னு நானும் பார்க்கிறேன்.”

கனவுத் திட்டம் அந்த நிமிடமே குப்பைக்கூடைக்குப் போனது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்ததும் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “லாடம், சிங்கம் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுத்தானே தள்ளினாரு? எப்படி அண்ணி ஒரு கறைகூட விழாம வந்துச்சு?”

“நீ டீ வாங்கப் போனப்ப நான் ஒருதரம் நடந்தேன்” என்ற அண்ணி, தோளில் தொங்கிய கைப்பையைத் தட்டிக் காட்டினாள். “அவர் தள்ளினப்ப பேட்டரி இதுக்குள்ள இருந்துச்சு.”